வாங்க ஆளில்லாத காற்று: அலைக்கற்றை விலையை யார்தான் முடிவு செய்கிறார்கள்?

2024 ஜூன் 25, செவ்வாய்க்கிழமை. மத்திய அரசு 96,238 கோடி ரூபாய் மதிப்பிலான அலைக்கற்றையை ஏலத்துக்கு வைத்தது. மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோச்சு. மொத்தமே 7 சுற்று. அரசுக்குக் கிடைத்தது 11,340 கோடி ரூபாய். வைத்த மதிப்பில் 12 சதவீதம்கூட இல்லை.

அதற்கு இரண்டே வருடம் முன்பு, 2022-ல் நடந்த 5ஜி ஏலத்தில் வந்த தொகை 1,50,173 கோடி. 7 நாள், 40 சுற்று. இன்னும் பின்னால் போனால், 2010-ல் 3ஜி ஏலம் 34 நாள், 183 சுற்று என இழுத்துக்கொண்டே போனது. 67,719 கோடி வந்தது. 2013 மார்ச்சிலோ ஏலம் கேட்க வந்தது ஒரே ஒரு நிறுவனம்!

விற்பது அதே அரசு. விற்கும் பொருளும் அதே காற்றுதான். பிறகு ஏன் ஒரு வருடம் அடிதடி, அடுத்த முறை ஆளே இல்லை? இந்தக் குழப்பத்துக்கும் நம்ம போனில் வரும் சிக்னலுக்கும், மாதாமாதம் போடும் ரீசார்ஜுக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அலைக்கற்றையை எப்படி விற்கிறார்கள்?

உங்கள் போனும் டவரும் பேசிக்கொள்வது ரேடியோ அலைகள் மூலம். இரண்டு நிறுவனங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே ஊரில் பேசினால் ஒன்றையொன்று கெடுத்துவிடும். அதனால் எந்த அலைவரிசையை யார் பயன்படுத்தலாம் என்று அரசு பிரித்துக் கொடுக்கிறது. அந்த உரிமையைத்தான் ஏலம் விடுகிறார்கள். பொதுவாக 20 வருடங்களுக்கு.

நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் சேர்ந்து தமிழ்நாடு ஒரே வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும், ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி விலை.

அந்த விலைக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமல்லவா? அதுதான் அடிப்படை விலை. இதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்களிடம் கருத்துக் கேட்டு, கணக்குப் போட்டு ஒரு விலையைப் பரிந்துரைக்கும். தொலைத்தொடர்புத் துறை அதைப் பரிசீலிக்கும். கடைசியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும். பிறகு ஆன்லைனில் ஏலம். ஒவ்வொரு சுற்றிலும் தேவை அதிகமாக இருந்தால் விலை ஏறும். புதிதாக யாரும் கேட்காதபோது ஏலம் முடியும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அந்த அடிப்படை விலையில்.

உண்மையான விலை யாருக்குத் தெரியும்?

நேரடியான பதில்: யாருக்கும் தெரியாது.

காசிமேட்டில் வஞ்சிர மீனை ஏலம் விடுகிறார்கள் என்றால், நேற்று என்ன விலை போனது, இன்று எத்தனை படகு வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அலைக்கற்றைக்குத் தினசரிச் சந்தை கிடையாது. சில வருடங்களுக்கு ஒரு முறைதான் விற்பனை. வாங்குபவர் இன்று போடும் பணத்துக்கு அடுத்த 20 வருட வருமானத்தைக் கணிக்க வேண்டும். அடுத்த தொழில்நுட்பம் எப்போது வரும், அந்த அலைவரிசையில் இயங்கும் போன்கள் சந்தைக்கு எப்போது வரும், போட்டியாளர் விலையைக் குறைப்பாரா, அரசு விதியை மாற்றுமா... எல்லாமே ஊகம்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்குத் தமிழ்நாடு மறக்க முடியாத ஒரு உதாரணம் இருக்கிறது. 2ஜி வழக்கு.

2008-ல், ஆ.ராசா அமைச்சராக இருந்தபோது, 2001-ல் நிர்ணயிக்கப்பட்ட விலையிலேயே ஏலம் இல்லாமல், ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்ற முறையில் 2ஜி உரிமங்கள் கொடுக்கப்பட்டன. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற எண்தான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆனால் அதே அறிக்கையில் வேறு எண்களும் இருந்தன. கணக்கிடும் முறையைப் பொறுத்து, உத்தேச இழப்பு சுமார் 57,000 கோடியில் தொடங்கி 1.76 லட்சம் கோடி வரை போனது. அந்த உச்ச எண், 2010-ன் 3ஜி ஏல விலையை வைத்துப் போட்ட கணக்கு. சிபிஐ தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்பு சுமார் 30,984 கோடி.

2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்து, ஏலம் விடச் சொன்னது. 2017 டிசம்பர் 21-ல் டெல்லி சிறப்பு நீதிமன்றம், குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று எல்லோரையும் விடுவித்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே பொருளுக்கு அரசின் அமைப்புகளே இவ்வளவு வித்தியாசமான மதிப்பைச் சொன்னார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

நேற்றைய உச்ச விலை, இன்றைய தொடக்க விலை

2010-ன் 3ஜி ஏலத்தில் நாடு முழுமைக்கும் அடிப்படை விலை 3,500 கோடி. 9 நிறுவனங்கள் மோதிக்கொண்டன. விலை 16,751 கோடி வரை எகிறியது. தொடக்கத்தைப் போல கிட்டத்தட்ட 5 மடங்கு. குறைந்த விலையில் தொடங்கி, போட்டியில் விலையைக் கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

ஆனால் இந்த வெற்றியே அடுத்த தோல்விக்கு விதை போட்டது. 2012 நவம்பர் ஏலத்துக்கு விலை வைக்கும்போது, 2010-ன் உச்ச விலைதான் அளவுகோல் ஆனது. நாடு முழுவதும் 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் 5 மெகாஹெர்ட்ஸுக்கு 18,000 கோடிக்கு மேல் வைக்கச் சொன்னது டிராய். அமைச்சரவை அதை 14,000 கோடியாகக் குறைத்தது. அதுவும் அதிகம் என்றன நிறுவனங்கள். சொன்னபடியே செய்தும் காட்டின. டெல்லி, மும்பை, கர்நாடகா, ராஜஸ்தான் வட்டங்களுக்கு ஒருவர்கூடக் கேட்கவில்லை. சுமார் 28,000 கோடி எதிர்பார்த்த அரசுக்குக் கிடைத்தது 9,407 கோடி.

விலை போகாத வட்டங்களுக்கு 30 சதவீதம் குறைத்து 2013 மார்ச்சில் மறுபடி ஏலம் அறிவித்தார்கள். அப்போதும் 1800-ஐ யாரும் தொடவில்லை. 2014 பிப்ரவரியில் விலையை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 2,800 கோடியில் இருந்து 1,765 கோடியாக இறக்கிய பிறகுதான் கூட்டம் வந்தது. 61,162 கோடி வசூல்.

விலை குறைந்தது மட்டும் காரணம் இல்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் ஏர்டெல், வோடஃபோன் போன்றவர்களின் பழைய 900 மெகாஹெர்ட்ஸ் உரிமம் அந்த ஆண்டே முடியவிருந்தது. வாங்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். 2015-ல் வேறு பல வட்டங்களுக்கு இதே நெருக்கடி. 8 நிறுவனங்கள், 19 நாள், 115 சுற்று. வசூல் 1,09,874 கோடி. ஆகவே பெரிய தொகை வந்தாலே விலை சரியாக இருந்தது என்று அர்த்தம் இல்லை. சில நேரம் வாங்குபவருக்கு வேறு வழி இல்லை என்றும் அர்த்தம்.

700 மெகாஹெர்ட்ஸின் கதை

விலையைத் தவறாக வைத்தால் என்ன ஆகும் என்று ஒரே உதாரணத்தில் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டைப் பாருங்கள்.

குறைந்த அலைவரிசைக்கு ஒரு குணம் உண்டு. அது நெடுந்தூரம் போகும்; சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். லிஃப்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் சிக்னல் போகிறதே, அந்தப் பிரச்சினைக்கு இது ரொம்பவே உதவும். கிராமப்புறங்களில் குறைந்த டவர்களை வைத்து அதிகப் பரப்பை எட்டலாம்.

இவ்வளவு நல்ல பேண்ட் ஆயிற்றே என்று, 1800 பேண்டின் விலையைப் போல 4 மடங்கு வைக்கப் பரிந்துரைத்தது டிராய். 2016 அக்டோபரில் நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி ரூபாய். குறைந்தபட்சம் 5 மெகாஹெர்ட்ஸ் எடுத்தாலே 57,000 கோடியைத் தாண்டும். கேட்டவர்கள்: பூஜ்ஜியம்.

2021 மார்ச்சில் விலையை 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் பூஜ்ஜியம். 2022-ல் மேலும் குறைத்து 3,927 கோடி. இந்த முறை ஜியோ மட்டும் எல்லா வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. 39,270 கோடி ரூபாய்க்கு. போட்டிக்கு வேறு யாரும் இல்லாததால் அடிப்படை விலையிலேயே முடிந்தது. பிறகு 2023-ல் பிஎஸ்என்எல்லுக்கு, மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ், ஏலம் இல்லாமலே இதே பேண்டில் அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது.

முதல் விலையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு விற்றிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், நடுவில் போன கிட்டத்தட்ட 6 வருடம். மீன் என்றால் மதியத்துக்குள் நாறிவிடும். ஏலக்காரர் தானாகவே விலையை இறக்குவார். அலைக்கற்றை நாறாது. பத்திரமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பயன்படுத்தாமல் விட்ட 2017-ம் ஆண்டின் அலைவரிசையை 2022-ல் விற்க முடியாது. காலி சீட்டோடு கிளம்பிப்போன பஸ் மாதிரிதான். போன டிக்கெட் போனதுதான்.

அரசின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2016-ல் 700 பேண்டுக்கு ஏற்ற கருவிகளும் பரவலாக இல்லை. விலையை இறக்கியிருந்தாலும் எவ்வளவு விற்றிருக்கும் என்பது கேள்விக்குறியே. இன்னொன்று, பயம். விலையைக் குறைத்து விற்று, அடுத்த வருடம் அது பல மடங்கு மதிப்புள்ளதாக மாறினால் ‘தாரை வார்த்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு வரும். விசாரணை, வழக்கு என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். விற்காமல் விட்டதற்காக இதுவரை எந்த அதிகாரியும் கோர்ட் படி ஏறியதில்லை. 2ஜிக்குப் பிறகு கோப்பில் கையெழுத்துப் போடுபவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

ஏலத்தில் ஜெயித்தவர்தான் சில நேரம் தோற்றவர். பொருளின் உண்மையான மதிப்பு யாருக்கும் தெரியாதபோது, மதிப்பை மிக அதிகமாக ஊகித்தவர்தானே ஏலத்தில் ஜெயிப்பார்? பொருளாதார வல்லுநர்கள் இதை ‘வென்றவரின் சாபம்’ என்கிறார்கள். ஏலங்களில் இது எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்து, புதிய ஏல முறைகளை வடிவமைத்ததற்காகத்தான் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் ஆகியோருக்கு 2020-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் இந்தச் சாபம் பலித்ததை நாம் கண்ணாலேயே பார்த்தோம். 2015-ல் லட்சம் கோடிக்கு மேல் கொடுத்து அலைக்கற்றை வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை அதல பாதாளத்துக்குப் போனது. கடன் வாங்கி ஏலம் கேட்டவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

சென்னையில் வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. சிக்னல் போய், எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேறு நிறுவனத்துக்கு மாற அலைமோதிய நாட்களைத் தமிழ்நாட்டில் நிறைய பேர் மறந்திருக்க மாட்டார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் முடங்கியது. டாடாவின் மொபைல் சேவையும் டெலினாரும் ஏர்டெல்லுக்குள் போயின. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின.

அந்த வோடஃபோன் ஐடியாவின் கதை இன்னும் விசித்திரம். அரசுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கட்ட முடியாததால், அதைப் பங்குகளாக மாற்றிக்கொண்டது அரசு. 2025-ல் 36,950 கோடி ரூபாய் அலைக்கற்றை பாக்கி இப்படி மாறியபோது, நிறுவனத்தில் அரசின் பங்கு சுமார் 49 சதவீதம் ஆனது. ஏலத்தில் விற்றவரே, வாங்கியவரின் மிகப் பெரிய பங்குதாரர்! ஏல நாளன்று செய்தியில் வந்த தொகை வேறு, கடைசியில் கஜானாவுக்குப் பணமாக வருவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வாங்குபவர்கள் குறைந்ததும் ஏலத்தின் இயல்பே மாறிவிட்டது. 2010-ல் 9 பேர், 2015-ல் 8 பேர், 2016-ல் 7 பேர், 2021-ல் 3 பேர், 2022-ல் 4 பேர், 2024-ல் மறுபடி 3 பேர். விற்க நிறைய சரக்கு, வாங்க மூன்றே பேர் என்றால் யார் யாரோடு போட்டி போடுவது? அடிப்படை விலையே பெரும்பாலும் இறுதி விலை. பேருக்குத்தான் ஏலம், நடப்பது கிட்டத்தட்ட நிலையான விலைக்கு விற்பனை.

2024 ஏலத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் மர்மம் விலகும். 2022-லேயே தேவையானதை வாங்கிக் குவித்துவிட்டார்கள். 2024-ல் பெரும்பாலும் மிச்சமிருந்ததும், காலாவதியாகும் உரிமங்களும்தான். 10,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்ததில் விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ். தேவைக்கு மட்டும் கை நீட்டினார்கள்.

ஏல விலை ஏறினா ரீசார்ஜ் ஏறுமா?

2024 ஜூன் 26-ல் ஏலம் முடிந்தது. 27-ம் தேதி ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும். பல திட்டங்கள் 10 முதல் 25 சதவீதம் வரை ஏறின. ‘ஏலத்துல கொடுத்த காசை நம்மகிட்ட வசூல் பண்றாங்க’ என்று சமூக வலைதளங்களில் கொதித்தார்கள்.

அப்படி நேர்க்கோடு போட முடியாது. அந்த ஏலத்தில் மூவரும் செலவழித்தது முந்தைய ஏலத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். ஒரு டீக்கடைக்காரர் கடைக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும், பக்கத்துக் கடையில் 15 ரூபாய் என்றால் அவர் 40 ரூபாய்க்கு டீ விற்க முடியாது. 2015-ல் லட்சம் கோடி கொடுத்த பிறகும் 2016-ல் டேட்டா விலை சரிந்தது இதனால்தான். கட்டணத்தைத் தீர்மானிப்பது போட்டி.

ஆனால் சுற்றி வந்து பாதிப்பு நம்மிடம்தான் முடிகிறது. அதிக அட்வான்ஸால் தெருவில் 7 டீக்கடை மூடி, மூன்று மட்டும் மிஞ்சினால்? விலையை ஏற்றுவது எளிது. இன்னொன்று, அலைக்கற்றைக்கே பணம் போய்விட்டால் டவர், ஃபைபர் போடப் பணம் இருக்காது. போனில் 5ஜி என்று காட்டும். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்ப ஏலமே வேண்டாமா?

வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஏலம் இல்லாமல், அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்ற சந்தேகத்தில்தான் 2012-ல் 122 உரிமங்கள் ரத்தாயின. ஏலம் என்றால் யாருக்கு, எவ்வளவுக்கு என்பது வெளிப்படை. அதே நேரம், எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் மட்டுமே ஒரே வழி என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை என்று அதே 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இரண்டையும் வைத்துக்கொண்டது. பொதுவாக ஏலம், பட்டியலிட்ட சில பயன்பாடுகளுக்கு நேரடி ஒதுக்கீடு. செயற்கைக்கோள் இணையம் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அதிலும் ஏலம் வேண்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் குரல் கொடுத்தன, ஸ்டார்லிங்க் எதிர்த்தது. ஒதுக்கீடுதான் என்றது அரசு. வருவாயில் 4 சதவீதம் கட்டணம் வாங்கலாம் என்று 2025 மே மாதம் டிராய் பரிந்துரைத்தது. ஏலம் போனாலும் ‘விலை எவ்வளவு?’ என்ற தலைவலி போகவில்லை, பார்த்தீர்களா?

நிச்சயமின்மையைக் குறைக்கச் சில வேலைகள் நடந்திருக்கின்றன. 2021 சீர்திருத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் வாங்கும் அலைக்கற்றைக்குத் தனியாகப் பயன்பாட்டுக் கட்டணம் கிடையாது. 10 வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம். 2022-ல் 20 வருடத் தவணையில் கட்டும் வசதி வந்தது. விற்காத பேண்டின் விலையை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு முன்கூட்டியே அறிவித்த ஒரு விதி இருந்தால், 700-க்கு நடந்தது மாதிரி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்காது. முடிவு எடுத்த அதிகாரிக்கும் அது பாதுகாப்பு.

அடுத்த ஏலம் வந்தா எதைப் பார்க்கணும்?

‘அரசுக்கு இத்தனை லட்சம் கோடி’ என்ற தலைப்பைப் பார்த்ததும் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. ஏலத்துக்கு வைத்ததில் எத்தனை சதவீதம் விற்றது? 2016-ல் 41 சதவீதம், 2021-ல் 37 சதவீதம், 2022-ல் 71 சதவீதம். மீதி எல்லாம் சும்மா கிடந்த காற்று.

2. எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள்? மூன்று பேர் என்றால் பெரிய போட்டியை எதிர்பார்க்காதீர்கள்.

3. இறுதி விலை அடிப்படை விலையைவிட எவ்வளவு கூடியது? கூடவே இல்லை என்றால், விலையை முடிவு செய்தது சந்தை இல்லை, அரசுதான்.

4. பணம் இப்போதே வருகிறதா, தவணையா? தவணை என்றால், கட்டும் நிறுவனம் அத்தனை வருடம் தாக்குப்பிடிக்குமா?

இந்த நான்கில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். அலைக்கற்றையின் சரியான விலை அரசுக்கும் தெரியாது, நிறுவனங்களுக்கும் தெரியாது. தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் ஏலம். குறைவான விலையில் தொடங்கினால் போட்டி அதை மேலே கொண்டுபோகும், 2010-ல் 3,500 கோடி 16,751 கோடி ஆன மாதிரி. அதிகமாகத் தொடங்கினால், கேட்க ஆள் வராமல் அடுத்த ஏலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் அந்த அலைவரிசையில் போயிருக்க வேண்டிய அழைப்புகளும் டேட்டாவும் யார் கணக்கிலும் வராது.